தொட்டிக்கு ஒரு நாள் லீவு

ஆயுதபூஜையன்று எந்திரம் எதுவும் ஓடக்கூடாது என்பது சக்கரபாணியின் முப்பது வருஷப் பழக்கம். நெய்வேலி மைன்ஸிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு மாறிவந்தவர், அங்கிருந்த எஃகுத் தொட்டிக்கும் வாயுக்குழாயை மூடிவிட்டுச் சந்தனம் பூசினார். விஞ்ஞானி வெண்மதி பதறி ஓடிவந்து குழாயைத் திறந்தாள்.

“உள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்குண்ணே. நிலக்கரி வாயுவைத் தின்னுதான் நமக்கு எரிபொருள் தருது. பட்டினி போட்டுட்டீங்களே!”

“மிஷின்னு நெனச்சிகினு இருந்தேன்மா,” என்றவர் அன்று பூஜைப் பொரியைக்கூடத் தொடவில்லை. சாயங்காலம், அவை மறுபடி தின்னத் தொடங்கிவிட்டன என்று வெண்மதி சொன்னதும் தொட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாட்டுப் பொங்கலன்று அவருக்கு லீவு. ஆனாலும் குளித்துவிட்டு, மாட்டுக்குக் கட்டும் நெட்டி மாலையோடு வந்து தொட்டிக்குக் கட்டினார். குழாய் திறந்திருக்கிறதா என்று இரண்டுமுறை பார்த்துக்கொண்டார். வெண்மதி சிரித்தாள்.

“நமக்காக உழைக்குதுங்கம்மா,” என்றார். “வாயில்லா ஜீவனுங்க.”