மான் மூட்டையா, கழுகு மூட்டையா?

பெல்லட் வாங்குவதில் இத்தனை தலைவலி இருக்கும் என்று எர்மெஸ் கனவிலும் நினைத்ததில்லை. மரத்தூளை இறுக்கி, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குச்சிகளாக்கி, மூட்டை கட்டி விற்கிறார்கள். வாங்கி வந்து அடுப்பின் தலையில் கொட்டினால் அது தன்பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எரித்துக்கொள்ளும், வீடு சூடாகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் கதோரேப் பள்ளத்தாக்கில் எவனும் நினைப்பான். யோசிக்க ஆரம்பித்தவன் கெட்டான்.

அவரை யோசிக்க வைத்தது மனைவி லிவியானா. போன ஜனவரியில் ஒரு நாள், தோஸ்காவின் மதுக்கடையில் சீட்டாட்டம் முடித்து வீடு திரும்பினால் அடுப்பு அணைந்து கிடந்தது. அதன் கண்ணாடிக் கதவு முழுக்கக் கரி. சமையலறை மேசையில் லிவியானா கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த குளிர்காலத்துக்கு நான் இங்க இருக்க மாட்டேன், எர்மெஸ். கீழ மெஸ்த்ரேக்குப் போறேன், நெரினாகிட்ட," என்றாள். நெரினா அவள் தங்கை, கீழே சமவெளி நகரத்தில் இருப்பவள்.

கத்தியிருந்தால் எர்மெஸ் பயந்திருக்க மாட்டார். பால் வாங்கப் போகிறேன் என்பதுபோலச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் அடுப்பும்தான்.

ஆயுள் முழுக்க மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் சட்டம் தேய்த்த மனிதர். எங்கே பழுது என்று பார்த்துச் சரிசெய்வது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பழுது பெல்லட்டில் என்று முடிவு கட்டினார். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய சரக்கு, வேறென்ன? கடைக்காரன் சில்வானோ மே மாதம்வரை விலையைக் குறைத்துக் கொடுப்பான். குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து வாங்கிப் போட வேண்டும், அதனால் தப்பான சரக்கை வாங்கிவிட்டால் தொலைந்தது. மதுக்கடையில் நாலு பேரைக் கேட்டார். அங்கேதான் குழப்பம் பிடித்தது.

"ஃபிர் மரம்தான்டா," என்றான் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி குய்தோ. "வெள்ளையா இருக்கணும். கறுத்திருந்தா பட்டையைக் கலந்துட்டான்னு அர்த்தம்."

"வெள்ளை கண்ணுக்குத்தான் அழகு," என்றாள் கல்லாவிலிருந்து தோஸ்கா. "காட்டு பீச் மரம் வாங்கு. கெட்டி மரம், நின்னு எரியும்."

"பீச்சா? சாம்பல் அள்ளியே இவன் இடுப்பு ஒடிஞ்சிடும்."

"இவன் எங்க அள்ளப் போறான்? லிவியானா அள்ளுவா."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீரில் போட்டுப் பார், மூழ்கினால் நல்ல சரக்கு என்றார் ஒருவர். குய்தோ உடனே எர்மெஸின் சட்டைப்பையிலிருந்த மாதிரிக் குச்சியை எடுத்து எர்மெஸின் ஒயினிலேயே போட்டான். மூழ்கியது. ஒயின் கெட்டது, வேறு எதுவும் விளங்கவில்லை.

சில்வானோவின் கடையில் இன்னும் மோசம். எல்லா மூட்டையிலும் ஒரே தரச்சான்று முத்திரை, ஒரே தரம்.

"அப்ப என்னதான்டா வித்தியாசம்?"

"படம்," என்றான் சில்வானோ. "இதுல மான், அதுல கழுகு, இதோ கரடி."

மான் மார்க் வெளுத்த ஃபிர். கழுகு மார்க் பழுப்பு நிற பீச். கரடி மார்க் என்ன மரம் என்று கரடிக்கே தெரியாது. மூன்றிலும் சில மூட்டைகளை வாங்கி வந்து சோதனையில் இறங்கினார் எர்மெஸ். ஏப்ரல் முடிந்தும் மலையில் பனி விட்டபாடில்லை, அதனால் அடுப்புக்கு வேலை இருந்தது. ஒரு மார்க் தீர்ந்தால் அடுத்த மார்க். ஒவ்வொன்றின் சாம்பலையும் தனித்தனி ஜாம் பாட்டிலில் அடைத்து ஜன்னலில் வைத்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அடுப்பின் முன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுடரைப் பார்ப்பார். பக்கத்தில் லிவியானா பின்னல் வேலையோடு உட்கார்ந்துகொள்வாள்.

"சுடர் மஞ்சளா இருக்கு பாரு. நல்ல அடையாளம்."

"எனக்கு ஆரஞ்சாத் தெரியுது."

"உன் கண்ணாடியை மாத்து."

"நீ செஞ்ச கண்ணாடிதான் இது."

எர்மெஸுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் மறுநாள் காலையில் சாம்பலைப் பார்த்தால் சிரிப்பு போய்விடும். முதல் தடவை மான் மார்க் சுத்தமாக எரிந்தது. இரண்டாம் தடவை அதே மான் கண்ணாடியைக் கரிச்சட்டியாக்கியது. சாம்பல் மலைபோலக் குவியும் என்று எல்லோரும் சொன்ன கழுகு, ஒரு தேக்கரண்டி விட்டுவைத்தது. கரடி ஒரு நாள் தகதகத்தது, ஒரு நாள் முனகியது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் வேறு விடை வந்தது. ஜன்னலில் பாட்டில்கள் பெருகின. அவருக்கு மண்டை காய்ந்தது. காற்றா, ஈரமா, புகைக்குழாயா, தன் புத்தியேதானா? மே மாதமோ ஓடிக்கொண்டிருந்தது. சரியான சரக்கைக் கண்டுபிடிக்காவிட்டால் இவள் போய்விடுவாள் என்கிற பயம் சாப்பிடும்போதுகூட அவரை விடவில்லை.

ஒரு நாள் மதியம், மிச்சமிருந்த மான் மார்க்கைத் தூசி உறிஞ்சும் கருவியால் எடுத்துவிட அடுப்பின் மேல்மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே வெள்ளைக் குச்சிகள். கையை விட்டுக் கிளறினால் பழுப்பு. அதற்கும் கீழே மறுபடி வெள்ளை.

கோபம் தலைக்கேற நேரே சில்வானோவின் கடைக்குப் போனார்.

"திருட்டுப் பயலே! மான் படத்தைப் போட்டுக் கழுகை அடைச்சு விக்கிறியா?"

சில்வானோ எழுந்து வந்தான். ஒரு மான் மூட்டையைக் கிழித்துத் தரையில் கொட்டினான். அத்தனையும் வெள்ளை. இன்னொன்றையும் கொட்டினான். அதுவும் வெள்ளை.

"உன் வீட்டுல யார் யாருடா இருக்கீங்க?"

"நானும் லிவியானாவும்."

"அடுப்பு தானா எழுந்து வந்து அள்ளிப் போட்டுக்காதுல்ல? போ, போய்க் கேளு. இதையும் நான்தான் கூட்டணுமா!"

எர்மெஸ் வழியெல்லாம் குழம்பியபடி வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தால், லிவியானா கழுகு மூட்டையிலிருந்து ஒரு குவளை நிறைய அள்ளி அடுப்பின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தாள். பதறவில்லை. கொட்டி முடித்து மூடியைச் சாத்தினாள்.

"என்ன பண்றே நீ?"

"பார்த்தாத் தெரியலையா?"

"நான் பைத்தியக்காரன் மாதிரி சாம்பலை அடைச்சு வெச்சிட்டிருக்கேன். நீ பாட்டுக்குக் கலந்து விட்டுட்டிருக்கே! ஏன்?"

லிவியானா கைத்தூசியைத் தட்டினாள். "எது நல்லதுன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணுவே?"

"சில்வானோகிட்டச் சொல்லி எறக்கிடுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வீடு சூடா இருக்கும்."

"நீ எங்க இருப்பே?"

சாப்பாடு முடிந்ததும் எர்மெஸ் எங்கே இருப்பார் என்பது ஊருக்கே தெரியும்: தோஸ்காவின் மதுக்கடையில், சீட்டும் கையுமாக.

"அடுப்பு அணைஞ்சா போர்த்திக்க எனக்குப் போர்வை இருக்கு," என்றாள் லிவியானா. "குளிரு மெஸ்த்ரேலயும்தான் இருக்கு. ஆனா நெரினா எதிர்ல உட்கார்ந்திருப்பா. இந்த ஒரு மாசமாத்தான் நீ உட்கார்ந்திருக்கே. இது முடியவே கூடாதுன்னு தோணுச்சு. அசிங்கம்தான், என்ன பண்றது?"

"இதை ஜனவரிலயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். நீ பெல்லட் வாங்கப் போயிட்டே."

எர்மெஸுக்குக் காது சுட்டது. அங்கிருந்தபடியே சில்வானோவுக்குப் போன் போட்டு, கைக்கு எது முதலில் வருகிறதோ அதை அனுப்பு என்றார். மறுமுனையில் சில்வானோ இரண்டு முறை "என்ன?" என்றான்.

செய்தி சாயங்காலத்துக்குள் மதுக்கடைக்குப் போய்விட்டது. சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போதே குய்தோ போன் செய்தான்.

"அதான் ஆர்டர் கொடுத்தாச்சாமே! வாடா, நாலாவது கை இல்லாம உட்கார்ந்திருக்கோம்."

லிவியானா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சு காதில் விழுந்ததும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வரல," என்றார் எர்மெஸ்.

"ஏன்டா? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வரல."

நாற்காலியை அடுப்பின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். எழுந்து, அவள் நாற்காலிக்கு எதிரே வருமாறு திருப்பிப் போட்டார். லிவியானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பின்னலை எடுக்கவில்லை. இனி சுடரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சாம்பலைப் பற்றியும் இல்லை. வேறு எதைப் பேசுவது என்று எர்மெஸுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் எதைத்தான் பேசினோம் என்று யோசித்தார். அதுவும் நினைவுக்கு வரவில்லை. கைகளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"இன்னிக்கு..." என்று இழுத்தார். "நான் வெளிய போயிருந்தப்ப, பகல் பூரா என்ன பண்ணிட்டிருந்தே?"

லிவியானா அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். யாரைக் கேட்கிறார் என்று திரும்பிக்கூடப் பார்த்தாள்.

"இன்னிக்கா?" என்றாள். "எதிலருந்து சொல்றது?"