கருவி மேலே வரவில்லை

கருவி மேலே வரவேண்டிய நேரம் தாண்டி நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. ஆய்வுக் கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்குளிப்பவர் மட்டும் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார். வராமலே தொலையட்டும் என்றிருந்தது அவருக்கு.

பதினெட்டு வருடமாகக் கடலடியை இறங்கிப் பார்த்து வந்து சொன்னவர் அவர்தான். எங்கே பாறை, எங்கே மணல், எங்கே பவளம் என்று பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவார். அந்த வேலையில் இடது காது கேட்காமல் போயிற்று. போன வருடம் இந்த மஞ்சள் கருவி வந்தது. ஆள் வேண்டாம், கயிறு வேண்டாம். தானே இறங்கும், தானே படமெடுக்கும், தானே திரும்பிவிடும். அவருக்கு வாரத்தில் ஒருநாள் வேலை என்றானது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கருவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை மச்சினனுக்குப் போனதைத்தான் விழுங்க முடியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அவனைக் கப்பலில் சேர்த்துவிட்டதே அவர்தான். இப்போது வீட்டில் மனைவி தம்பி புராணம் பாடும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

கடைசியில் மச்சினனே அவரிடம் வந்தான். கருவி முப்பது மீட்டர் ஆழத்தில் எதிலோ மாட்டிக்கொண்டு சத்தம் மட்டும் கொடுக்கிறதாம்.

“நீங்கதான் இறங்கணும் மாமா. அது போச்சுன்னா என் வேலையும் போச்சு.”

இறங்கினார். அறுந்த மீன்வலை ஒன்றில் அது சிக்கிக் கிடந்தது. விளக்கு இன்னும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பாறையின் ஒவ்வொரு மடிப்பும் துலங்கியது. இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. தென்படவில்லை என்று கையை விரித்தால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பியும்விட்டார். கொஞ்சதூரம் போனதும் மச்சினன் முகம் வந்து நின்றது. சனியன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பிப் போய் வலையை அறுத்தார்.

மேலே வந்ததும் மொத்தக் கப்பலும் கருவியைச் சூழ்ந்துகொண்டது. அவர் தனியாக ஏணியில் ஏறினார். வலது காதில் ரத்தம் கசிந்தது. பார்த்தால் இனி இறங்க விடமாட்டார்கள். துண்டை எடுத்துத் தலையோடு சுற்றிக்கொண்டார். மச்சினன் வந்து ஏதோ சொன்னான். குனிந்து இரண்டாம் முறை உரக்கச் சொன்னபிறகுதான் புரிந்தது.

“கருவிக்கு ரெண்டு நாள் ரெஸ்ட்டாம் மாமா, செக் பண்ணணுமாம். மிச்ச இடத்த உங்களப் பாக்கச் சொல்றாங்க. நாளைக்குக் காலைலேருந்து.”

அவர் தலையாட்டினார். சிரிப்புக்கூட வந்தது.

கப்பலில் ஆளுக்கு ஒரு வாளிதான் நல்ல தண்ணீர். மச்சினன் குழாயைத் திறந்துவிட்டுக் கருவியை மூக்கிலிருந்து வால்வரை கழுவினான். வழிந்த தண்ணீர் தளத்தில் ஓடி வந்தது. உப்புப் பூத்த கால்களை அவர் அதில் நீட்டி வைத்துக்கொண்டார்.