பதினேழாவது கேள்வி

சியோசாயாவின் வயிற்றைத் திறந்தால் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று டாக்டர் ப்ரைஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எடை நூற்று இருபத்தெட்டு கிலோ. சர்க்கரை. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. இருபத்தாறு வருடம் முன்பு டோங்காவின் வவாவு தீவில் குடல்வால் வெடித்து, அவசரத்தில் கிழித்துத் தைத்த வயிறு. உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், பிரிக்கும்போது ரத்தம் கொட்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஈரலுக்குப் போகும் பெரிய நாளத்தில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது.

"ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்தா சமாளிப்பேன்" என்றார். "உங்களுக்கு மொத்தமா வந்திருக்கு."

"எடையை மட்டும் அடிச்சிருங்க டாக்டர்" என்றான் சியோசாயா. "எங்க வீட்டு ஆம்பளைங்கள்ல நான்தான் நோஞ்சான்."

அவன் மகள் செயினி மட்டும் சிரித்தாள். ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்த இருபத்திரண்டு வயசுப் பெண். டாக்டர் சிரிக்கவில்லை. ஈரலில் புற்றுக்கட்டி இருக்கிறது, மஞ்சள்காமாலையின் பி வகைக் கிருமி முப்பது வருடம் அரித்த ஈரல், மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்று முடித்தார். செத்தவர்களிடமிருந்து வரும் ஈரலுக்கு வரிசை நீளம். ஆகவே தங்கையின் ஈரலில் பாதி.

தங்கை லோசா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். இதற்காகவே டோங்காவிலிருந்து விமானம் ஏறி வந்து மூன்று வாரம் ஆகிறது. அண்ணனை இதுவரை நேருக்கு நேர் பார்க்கவில்லை. பத்து வயசுக்கு மேல் அவர்கள் ஒரே கூரையின் கீழ் படுத்ததில்லை; இங்கேயும் இரவில் அவள் உறவுக்காரர் வீட்டில்தான் படுத்தாள். ஒருவர் காதில் விழும்படி இன்னொருவர் உடம்பைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. டோங்காவில் அண்ணன் தங்கை என்றால் அப்படித்தான். இப்போது அண்ணனின் குடலும் மூத்திரமும் வரிசையாகக் காதில் விழுந்தன. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சிக்கும் முதல் கட்டக் கேள்விகளை முடிச்சிரலாம்" என்றார் டாக்டர். "தனியாத்தான் கேட்கணும். இன்னைக்கு வேற அறை காலி இல்லை."

லோசாவுக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும், பேச வராது. அதனால் ஃபெலெதி வந்திருந்தார். ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர்; ஞாயிற்றுக்கிழமைகளில் சியோசாயாவின் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். காசநோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, புகைப்பாளா என்று பதினாறு கேள்விகள் மளமளவென்று போயின.

பதினேழாவதை டாக்டர் வாசித்தார். எப்போதாவது கர்ப்பமானாளா, ஏதாவது கலைந்ததா, அப்போது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்ததா.

ஃபெலெதி வாயைத் திறந்தார். சியோசாயாவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்திருந்த லோசாவின் பின்கழுத்தைப் பார்த்தார்.

"லோசா, ஆக்லாந்து குளிர் ஒத்துக்குதா?" என்றார் டோங்க மொழியில்.

"இல்லை."

"இல்லையாம்" என்றார் டாக்டரிடம். டாக்டர் குறித்துக்கொண்டார்.

லோசாவுக்குக் கேள்வி ஆங்கிலத்திலேயே புரிந்துவிட்டது. ஃபெலெதியின் மேல் நன்றி வந்தது. அண்ணன் தன் காலடித் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று திரும்பாமலே தெரிந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். வகை பொருந்தியது, அளவு பொருந்தியது. கொழுப்பில்லாத நல்ல ஈரல் என்றார்கள். சர்ச்சில் பாதிரியார் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் ஜெபிக்க வைத்தார். செயினி வேலையிலிருந்து வரும்போதெல்லாம் அத்தைக்குக் கம்பளிச் சாக்ஸ் வாங்கி வந்தாள்.

"ரெண்டு பேரும் ரெண்டு நாட்டு ராஜா மாதிரி இருக்கீங்க" என்றாள் ஒருநாள். "நடுவுல நான் தூதர். அப்பா சாப்பிட்டாச்சான்னு நான் கேக்கணும், சாப்பிட்டாச்சுன்னு நான் வந்து சொல்லணும். ஈரல் உள்ள போனப்புறம் என்ன செய்வீங்க? அதுவும் சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்குமா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு" என்று லோசா அவள் தலையில் தட்டினாள்.

மூன்று வாரம் தள்ளித் தேதி குறித்தாயிற்று. அதற்கு நான்கு நாள் முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் லோசாவைத் தனியாகக் கூப்பிட்டார். நரைத்த பெண்மணி. மேஜை மேல் தொலைபேசி. அதற்குள் வெலிங்டனிலிருந்து பேசும் டோங்கப் பெண் ஒருத்தி. முகம் கிடையாது, குரல் மட்டும்.

"எல்லாம் ஏற்கெனவே கேட்டதுதான்மா" என்றது குரல். "இவங்களும் ஒரு தடவை கேட்டுக்கிறாங்களாம்."

பதினேழாவது வந்தது. குரல் அதைத் தயங்காமல் அப்படியே கேட்டது.

"இல்லை" என்றாள் லோசா. பிறகு, "ஒருத்திக்கு அப்படி இருந்திருந்தா என்ன ஆகும்?" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆபரேஷன்ல ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். அவ செத்துப்போகலாம்."

"அது பரவாயில்லை."

"அவ மட்டும் இல்லை. ரத்தம் சீக்கிரமா உறையற வாகு சிலருக்கு ஈரல்லயே இருக்கும். அந்த ஈரலை எடுத்து வெச்சா வாகும் கூடவே போகும். உங்க அண்ணனுக்கு நாளத்துல ஏற்கெனவே கட்டி. புது ஈரலும் அடைச்சுக்கும். பழசை வெட்டி எடுத்தாச்சு, திரும்ப வைக்க முடியாது. மேஜையிலேயே போயிருவார்."

குரல் இதைச் சொல்லும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது.

தன் சாவை லோசா முன்பே யோசித்து வைத்திருந்தாள். அதில் அவளுக்குச் சிக்கல் இல்லை. இது புதுசு. சொன்னால் அண்ணனுக்கு ஈரல் கிடையாது. சொல்லாவிட்டால் அவளே அவனைக் கொல்லலாம், கொல்லாமலும் போகலாம்.

சொன்னாள். பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. பாய் முடையப் போகிறேன் என்று ஹாபாய் தீவில் ஒரு உறவுக்காரி வீட்டுக்குப் போனது. ஏழாம் மாதம் குழந்தை செத்துப் பிறந்தது. நாலாம் நாள் இடது கால் மரக்கட்டையாக வீங்கியது. தலைநகர ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமலிருக்க மூன்று மாதம் வயிற்றில் ஊசி. விஷக் காய்ச்சல் என்று ஆக்லாந்தில் இருந்த அண்ணனுக்குச் சொன்னார்கள். அவன் சர்ச்சில் அவளுக்காக உபவாசம் இருந்தான்.

"இதை வேற யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றாள் தொலைபேசியிடம்.

"ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேக்கறாங்க."

"அண்ணன் அறையில இருந்தார்."

அந்தப் பதிலை மட்டும் குரல் டாக்டருக்கு நீளமாக விளக்கியது. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இப்படி ஒரு தடவை ஆனவரிடம் ஈரல் எடுப்பதில்லை, இனிப் பரிசோதனை செய்தும் பயனில்லை என்றார். காரணத்தை அவள் அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்லமாட்டார்கள். பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வார்கள்.

"அது போதும்" என்றாள் லோசா.

அது போதவில்லை. மறுநாள் செயினி சமையலறையில் கைப்பையை மேஜையில் எறிந்தாள்.

"எல்லாம் பொருந்துதுன்னு ஆறு பேர் சொன்னாங்க. நேத்து நீங்க தனியாப் போனீங்க, ஒரு மணி நேரம். வந்தப்போ பொருந்தலை. அது எப்படி அத்தை?"

லோசா மரவள்ளிக் கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குன்னா சொல்லுங்க. பயப்படறது தப்பில்லை. சர்ச்சுல எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் ஜெபம் வாங்கினீங்க பாருங்க, அதுதான் தப்பு. இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து எங்களுக்கு ஆசை காட்டிட்டு—"

"செயினி." சுவருக்கு அப்பாலிருந்து சியோசாயாவின் குரல். மூச்சு வாங்கியது. "அவ உன் அத்தை. வாயை மூடு."

அவ்வளவுதான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில், சேப்பங்கிழங்கு இலையில் சுற்றி வேகவைத்த இறைச்சியில் நல்ல பகுதியை எப்போதும் போலத் தங்கைக்கு முதலில் அனுப்பினான். அவனும் தன்னைக் கோழை என்றுதான் நினைக்கிறான், நினைத்துக்கொண்டே மரியாதை செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டைத் திருப்பி அனுப்பவும் முடியாது. தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஃபெலெதி ஒதுங்கி வந்தார். விஷயம் என்னவென்று தெரியாது. ஆனால் எந்தக் கேள்வியைத் தாண்டினோம் என்று அவருக்குத் தெரியும்.

"அன்னைக்கு நான் ஒழுங்கா கேட்டிருந்தா ஆறு வாரம் மிச்சமாயிருக்கும். வேற ஆளைத் தேடியிருப்பாங்க."

"கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."

"என் வேலையே கேக்கறதுதானே."

"ஆமா" என்றாள் லோசா. அவரைத் தேற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை.

வேறு ஆள் கிடைக்கவில்லை. செயினிக்கு ரத்த வகை சேரவில்லை. சித்தப்பா மகன்களில் இருவருக்கு அதே பி கிருமி. நாலாவது வாரம் ஈரலின் புற்றுக்கட்டி அளவு மீறி வளர்ந்துவிட்டது என்று வரிசையிலிருந்தும் சியோசாயாவின் பெயரை எடுத்தார்கள். ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரத்தமாக வாந்தி எடுத்தான். மத்தியானத்துக்குள் முடிந்தது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் பாய்களின் மேல் கிடத்தினார்கள். தலைமாட்டில் உட்கார வேண்டியவள் லோசா. செத்தவனின் தங்கை என்பதால், டோங்க வழக்கப்படி குடும்பத்திலேயே உயர்ந்த இடம் அவளுடையது. நல்ல பாய்களும் துணிகளும் அவள் முன்னால் குவிந்தன. கொண்டுவந்து வைத்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்பனை இழந்த மகளின் தலைமுடியை அத்தைதான் வெட்ட வேண்டும். துக்கத்துக்குக் கட்டும் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு செயினி முழந்தாளிட்டு வந்தாள். இடுப்பு வரை முடி. முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். யாரோ லோசாவின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள்.

"இப்பவாவது சொல்லுங்க" என்றாள் செயினி, தரையைப் பார்த்தபடி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "திட்டமாட்டேன். உண்மை மட்டும் போதும். ஏன் மாட்டேன்னீங்க?"

லோசா முடியை ஒரு கையில் சுற்றிப் பிடித்தாள். கனமாக இருந்தது. சொல்லிவிட்டால் இந்தப் பெண்ணாவது தன் பக்கம் வருவாள். நாலு வார்த்தை போதும். ஒரு கை தூரத்தில் சியோசாயா கிடந்தான், முகத்தை மூடாமல்.

"உங்க அப்பா அறையில இருக்கார்" என்றாள்.

செயினியின் தோள் இறுகியது. லோசா கத்தரிக்கோலைக் கழுத்தோரம் வைத்து வெட்டத் தொடங்கினாள். முடி அடர்த்தி, ஒரே வெட்டில் போகவில்லை.