தலீலாவின் நாக்கு

நாபுல் ஊரில் கல்யாணச் சமையல் என்றால் நஸீஹாதான். அவள் கை கோதுமைரவை கூஸ்கூஸுக்காக நிக்காஹ் தேதியையே தள்ளிவைத்த வீடுகள் உண்டு. போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அவளுடைய மூக்கையும் நாக்கையும் ஒருசேர மரத்துப்போக வைத்துவிட்டது. மிளகாய் வறுத்தால் கண் கரிக்கும், நெடி மட்டும் வராது. அதை அவள் ஒருத்தியிடம்தான் சொன்னாள். பதினெட்டு வருடமாகக் கூடவே அடுப்படியில் நிற்கும் தலீலாவிடம்.

"இதுக்கா அழுற? இனிமே உன் நாக்கு நான்தான்கா," என்றாள் தலீலா.

நாலு கல்யாணம் அப்படியே ஒப்பேறியது. ஐந்தாவது மொன்ஜியா அம்மாள் வீட்டுக் கல்யாணம். முந்நூறு பேர். ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்பு?"

"இன்னும் ஒரு கை போடுக்கா."

"இப்பதானேடி போட்டேன்."

"கறி இழுத்துக்கும். சப்புன்னு கிடக்கு, போடு."

போட்டாள். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் போட்டாள்.

முதல் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா தட்டைத் தள்ளிவைத்தார். "ஏம்மா, கடல்ல இருந்து நேரா மொண்டு ஊத்திட்டீங்களா?" கூடமே சிரித்தது. நஸீஹா திரும்பிப் பார்த்தபோது தலீலா பக்கத்தில் இல்லை. முற்றத்தில் மொன்ஜியா அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் வேணாம்னு அடிச்சுக்கிட்டேன்மா, கேக்கலையே. அவங்களுக்கு ருசி செத்து ரெண்டு வருஷமாச்சு. போன கல்யாணத்துல சோப்புத்தூளை உப்புன்னு அள்ளிட்டாங்க. நான்தான் கையைப் பிடிச்சேன்."

இரண்டு வருடம் என்பது பொய். சோப்புத்தூளும் பொய். ஆனால் எந்த இடத்தில் இரக்கம், எந்த இடத்தில் சிரிப்பு என்று பார்த்துப் பார்த்துப் போட்ட பேச்சு அது. மொன்ஜியா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் நஸீஹா தலீலாவை நிறுத்தினாள். "ஏன்டி?"

தலீலா தலை குனியவில்லை. "பதினெட்டு வருஷம்கா. இடிச்சது, வறுத்தது எல்லாம் நானு. பேரு மட்டும் உனக்கு. மூக்கு போனப்புறமாவது நீ ஒதுங்குவேன்னு பார்த்தேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"நீ குடுத்தா அது உன் பேராத்தானே இருக்கும்?"

நஸீஹா கையைக் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

அந்தக் கோடையில் கல்யாணங்களெல்லாம் தலீலாவிடம் போயின. சோப்புத்தூள் கதை மீன் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதில் ஒரு மாப்பிள்ளை மயங்கியும் விழுந்திருந்தான். வழியில் மறித்துக் கேட்டவர்களிடம், "உப்பு கூடிப்போச்சு. போட்டது என் கைதான்," என்பாள் நஸீஹா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர்களும் நகர்ந்துவிடுவார்கள்.

நோன்பு மாதம் வந்தது. நோன்பு திறந்ததும் கணவர் முக்தார் சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு," என்றார்.

முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர். நஸீஹா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டு உப்பு பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.