ஊர் போட்ட மூன்று நட்சத்திரம்

ஆர்ஹஸ் நகரத்திலிருந்து வந்த இணைய ஆலோசகன் வெள்ளை ஷூ போட்டிருந்தான். கண்ணாடித் தூள் கிடக்கும் பட்டறைக்குள் வெள்ளை ஷூவோடு நுழைகிறவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று சிஸ்ஸல் பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டாள். ஆனால் அவனை வரவழைத்தது அவள்தான். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

லெம்விக் என்ற அந்தக் கடலோரச் சிற்றூரில் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவள் அவள் ஒருத்திதான். ஊர்க்காரர்கள் அவளை எங்கும் தேடவேண்டியதில்லை. கண்ணாடி உடைந்தால் ரொட்டி வாங்கும் இடத்தில் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் பட்டறை ஓடுவது அவர்களால் அல்ல, கடற்கரை மணல்மேடுகளில் வரிசையாக நிற்கும் கோடை வீடுகளால். கோபன்ஹேகனிலும் ஹாம்பர்க்கிலும் உட்கார்ந்திருக்கும் உரிமையாளர்கள், வட கடலைப் பார்க்கவேண்டும் என்று ஆள் உயர ஜன்னல்களை வைத்துக் கட்டியவை. வட கடல் பதிலுக்கு அவற்றை உடைத்துக்கொண்டிருந்தது. சிஸ்ஸலின் பிழைப்பு இந்த இரண்டு முட்டாள்தனத்துக்கும் நடுவில் ஓடியது.

அந்த வீடுகளையெல்லாம் வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் நிறுவனம், இனிமேல் ஒரே கண்ணாடிக்காரரோடு ஒப்பந்தம் என்று அறிவித்திருந்தது. இணைய வரைபடத்தில் நாலு நட்சத்திரத்துக்குக் குறைந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தது. அது கைவிட்டுப் போனால் பட்டறையை மூடிவிட்டு ஹொல்ஸ்டெப்ரோ ஜன்னல் ஆலைக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

ஆலோசகன் பெயர் யெப்பெ. மடிக்கணினியை வைக்கச் சுத்தமான இடம் தேடினான், கிடைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"உங்க இணையதளத்துல கடை நேரம்னு ஒரு இடம் இருக்கு. அங்க 'விளக்கு எரிஞ்சா வரலாம்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. எரிஞ்சா வரலாம்."

"தேடுற இயந்திரத்துக்கு அது புரியாது. கடையை மூடிட்டீங்கன்னு நினைச்சுக்குது."

"இங்க பசு மாட்டுக்குக்கூடப் புரியும்."

யெப்பெ சிரித்தான். சிரிக்கவேண்டும் என்று எங்கோ பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. 'லெம்விக் கண்ணாடி' என்று தேடிக் காட்டினான். முதலில் வந்தது 'விரைவுக் கண்ணாடி' என்ற பெயர். நாலு புள்ளி ஒன்பது நட்சத்திரம். வரைபடத்தில் அதன் குறி பழைய மீன் ஏலக்கூடத்தின் வாகன நிறுத்தத்தில் நின்றது.

"அங்க ஒரு குப்பைத்தொட்டிதான் இருக்கு" என்றாள் சிஸ்ஸல்.

"இருக்கட்டும். ஆனா எல்லா இடத்துலயும் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒரே மாதிரி குடுத்திருக்காங்க. பக்கத்து ஊர் ஒவ்வொண்ணுக்கும் தனிப் பக்கம். படங்கள். நேரம். அதெல்லாம் உங்களுக்கும் ஒரு மத்தியானத்துல சரி பண்ணிடலாம். கஷ்டம் வேற இடத்துல." குரலைத் தணித்துக்கொண்டான். "உங்க வாடிக்கையாளர்களுக்கு உங்க மேல ஏதாவது கோபமா?"

வரைபடத்தில் அவள் பெயருக்குக் கீழே ஊர்க்காரர்கள் எழுதியிருந்ததை அவன் வாசித்தான். "'கண்ணாடி போட்டாள். நிக்குது.' மூணு நட்சத்திரம். 'சொன்ன நேரத்துக்கு வந்தாள்.' மூணு. 'புயல்ல மாடி ஜன்னல் போச்சு. அன்னைக்கே வந்து போட்டாள். மோசமில்லை.' மூணு."

"மோசமில்லைன்னு எழுதியிருக்கானா? யாரு?"

"ஐனார்னு ஒருத்தர்."

ஐனார் பன்றிப்பண்ணைக்காரன், பள்ளியில் சிஸ்ஸலுக்குப் பக்கத்து இருக்கை. தன் கல்யாண விருந்தில் எழுந்து நின்று மனைவியைப் பற்றி அவன் சொன்னதும் அதே வார்த்தைதான். மனைவி அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். இதையெல்லாம் வெள்ளை ஷூக்காரனுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

"நேர்ல போய் மாத்தச் சொல்லுங்க. கேட்டா மாத்துவாங்க. இல்லைன்னா..." யெப்பெ கணினியைப் பாதி மூடினான். "நல்லதா எழுதிக் குடுக்கிறவங்களும் இருக்காங்க."

"அவங்க வீட்டு ஜன்னலுக்கு நான் எப்பக் கண்ணாடி போட்டேன்?"

"போடவேண்டியதில்லை."

அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். கடை நேரத்தைத் திருத்தினாள், படங்கள் போட்டாள், அவன் சொன்ன ஊர்ப் பக்கங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். தேடலில் அவள் பெயர் மேலே ஏறியது. நட்சத்திரம் மட்டும் மூன்றிலேயே உட்கார்ந்திருந்தது.

மறுவாரம் ஐனாரின் பண்ணைக்குப் போனாள். அவன் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு அஞ்சு நட்சத்திரம் வேணும்டா."

அவன் தண்ணீர்க் குழாயை மூடினான். "எதுக்குடி? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே காது மடல் சூடானது. பிச்சை கேட்பதுகூட இதைவிடக் கௌரவமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"மூணுன்னா நல்லதுதானே. நாலுன்னா உசுரைக் காப்பாத்தினவனுக்கு. அஞ்சு யாருக்குப் போடுறது? கடவுளுக்கே நான் யோசிப்பேன், போன வருஷ மழைக்கு அப்புறம்."

"அது உங்க ஊரு கணக்கு. மெஷினுக்குத் தெரியாதுடா."

"உங்க ஊரா? நீ எந்த ஊருடி? கண்ணாடி கோணலாவா நிக்குது? இல்லை. அப்ப நான் எதுக்குப் பொய் எழுதணும்?"

அவள் வண்டியில் ஏறினாள். சேற்றில் நின்றுகொண்டு நேர்மை பேசுகிறவனை அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்காது. அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் பிடிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. கூட்டுறவுக் கடையில் கல்லாவிலிருந்த இங்கெலிஸ், கம்பு ரொட்டியையும் ஈரல் விழுதையும் பையில் போட்டுக்கொண்டே, "பை நல்லா அடுக்கியிருக்கேனா? எனக்கும் ரெண்டு வார்த்தை எழுதிடு" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. லெம்விக்கில் சிரிக்காமல் இருப்பதுதான் பெரிய சிரிப்பு.

அதற்கப்புறம் அவள் யாரிடமும் கேட்கவில்லை. இன்னும் பத்துப் பேர் வீட்டுப் படியேறியிருந்தால் சிலர் மாற்றியிருப்பார்கள், அது அவளுக்கே தெரியும். ஆனால் மொத்தப் பேர் மேலும் வெறுப்பாக இருந்தது. பாராட்டத் தெரியாத ஊர். பாராட்டை எண்ணிப் பார்த்து ஆள் எடுக்கும் நிறுவனம். இரண்டுக்கும் நடுவில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பவள் அவள். தட்டை மடக்கிக்கொண்டாள்.

ஒப்பந்தம் விரைவுக் கண்ணாடிக்குப் போனது. சிஸ்ஸல் ஹொல்ஸ்டெப்ரோ ஆலைக்கு எழுதிப் போட்டாள். வாருங்கள், பேசுவோம் என்று பதில் வந்தது.

அக்டோபரில் முதல் புயல் அடித்து ஓய்ந்த காலையில் தொலைபேசி அடித்தது. இளம் குரல். விரைவுக் கண்ணாடியிலிருந்து பேசுவதாகச் சொன்னது.

"மணல்மேட்டுல ஒரு வீடு. ஜன்னல் முழுசாப் போயிடுச்சு. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க."

"உங்க ஆளு இங்க யாரு?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அப்ப லெம்விக்ல உங்ககிட்ட யாருமே இல்லை."

"இப்ப நீங்க இருக்கீங்க" என்றது குரல், நல்ல செய்தி சொல்கிற தொனியில். "எங்க ஜாக்கெட் அனுப்பி வைக்கிறோம். போட்டுக்கிட்டுப் போகணும்."

"போட மாட்டேன். என் வண்டியில என் பேருதான் இருக்கும்."

"இருக்கட்டும். யாரும் பார்க்கப்போறதில்லை."

தொலைபேசியைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் ஆலைக்குப் போவதைவிட இது தேவலாம், அந்தப் பயலுக்கும் அது தெரிந்திருந்தது. அவன் சொன்ன அளவுக்குக் கண்ணாடியை வெட்டி வண்டியில் ஏற்றினாள்.

வீட்டில் ஹாம்பர்க்கிலிருந்து வந்த தம்பதி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் கடல் இரைந்துகொண்டிருந்தது, தரையெல்லாம் மணல். கணவன் ஒரு பக்கம் கை கொடுக்க வந்தான், தேவையில்லை என்று தள்ளி நிற்கச் சொன்னாள். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய லப்பத்தைச் சுரண்டி எடுத்து, புதியதை உருட்டி ஓரமாக இழைத்தாள். பிறகு கண்ணாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள்.

மனைவி கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "விரைவுக் கண்ணாடிக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டேங்க. ரொம்ப அருமையா வேலை செஞ்சாங்கன்னு எழுதியிருக்கேன்."

காற்று இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தது. கண்ணாடி சிஸ்ஸலின் கையில்தான் இருந்தது.