நாலு பாக்கெட் பால்

உண்ணாமலை நான்காவது பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தாள். துண்டு தனியாக விழாமல் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அது அவள் வீட்டுக்காரர் கண்ணாயிரத்தின் சட்டம். விழுந்த துண்டு சாக்கடைக்குப் போகும், ஒட்டிக்கொண்டிருந்தால் கல்லாகும் என்பார்.

அவர் வாசலில், ஆம்புலன்ஸுக்குள், மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மதியம் தாண்டாதாம். வாடகை வீட்டுக்கு வேண்டாம் என்று விரலை ஆட்டினார். அதனால்தான் இங்கே, அவர் கட்டிய புது வீட்டுக்கு வந்தார்கள்.

மேஸ்திரி அவர். பௌர்ணமி முடிந்த காலைகளில் கிரிவலப் பாதையில் குவியும் பாட்டில்களையும், வேங்கிக்கால் வீடுகளின் பால் பாக்கெட்டுகளையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, உருக்கி, மணல் கலந்து, அச்சில் கல்லாக வார்த்து, ஆறு வருஷத்தில் இரண்டு அறை எழுப்பிவிட்டார். சொந்தக்காரர்கள் குப்பை மாளிகை என்று சிரித்தார்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உருக்கினார். துண்டு எதைத் தடுக்கும்? நெஞ்சு போய்விட்டது. தை பிறந்ததும் பால் காய்ச்சலாம் என்றிருந்தார்கள். இது கார்த்திகை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கண்ணாயிரத்தின் அண்ணன் திருமலை வாசற்படியில் குறுக்கே நின்றுவிட்டார்.

"பால் காய்ச்சாத வீட்டுல உயிர் போகக் கூடாது. மொதல்ல பொங்கட்டும். அப்புறம் எறக்கலாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டியும் மகளும் நாளைக்கு அங்கேதானே குடியிருக்க வேண்டும். மகள் நந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்பாவே கண்ணை மூடித் திறந்து சரி என்றார். அதற்குமேல் அவள் யாரோடு சண்டை போடுவாள்?

உள்ளே ஓடினாள். பெரிய பாத்திரம், கழுத்துவரை பால், அதுவும் கடை ஃபிரிட்ஜிலிருந்து வந்த சில்லென்ற பால்.

"ஒரு பாக்கெட் போதும்மா."

"கம்மியா வெச்சா நல்லாருக்காதுடி. ஒரு தடவதான காய்ச்சறோம்."

அம்மா காலி பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அலசிக் கொடியில் போட்டாள். இனி யார் உருக்க?

வண்டிக்கும் அடுப்புக்கும் நடையாய் நடந்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பா புருவத்தைத் தூக்கிக் கேட்டார். ஓரத்தில் நுரை கட்டுகிறது என்று மூன்று தடவை பொய் சொன்னாள். பெரியப்பாவுக்கே வியர்த்துவிட்டது. தீயை ஜாஸ்தி வைக்கச் சொன்னார். ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

நான்காவது தடவை அப்பா எதுவும் கேட்கவில்லை. நந்தினி காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். நீளமாக ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். டிரைவர் ஏறி, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, சிலிண்டரின் திருகை மூடினார்.

பெரியப்பா மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"நந்தினி, பொங்கிடுச்சு. அப்பாவ எறக்குங்க."

உண்ணாமலை ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு. வெயிலில் வண்டிக்குள் இருப்பது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"படியில வலது கால மட்டும் ஒரு தடவ வெக்கச் சொல்லுடி. போதும்."

நந்தினியின் கை அந்தக் காலின் மேல்தான் இருந்தது.