அண்ணன் திருத்திய விண்கலம்

என் அண்ணனுக்கு எந்தப் பொருளும் அதன்பாட்டில் இருந்தால் பொறுக்காது. சொட்டாத குழாயையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பான். அம்மா காலால் மிதித்துத் தைத்துவந்த இயந்திரத்தை, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, மோட்டார் வைத்த புதிய ஒன்றை அந்த இடத்தில் வைத்தான். அம்மா வந்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் கால் தானாக மிதித்தது. மிதிக்க அங்கே ஒன்றும் இல்லை. "நல்லா இருக்குப்பா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவன் எங்கள் வீட்டை ஆண்டான். நான் மனதுக்குள் அவனுக்கு மேம்பாட்டுத் துறை என்று பெயர் வைத்திருந்தேன். வெளியே சொன்னதில்லை. வெளியே நான் எதையும் அதிகம் சொன்னதில்லை.

அம்மா ஒரு திரைச்சீலைக் கடையில் தைக்கிறாள். காலையிலிருந்து மாலைவரை அவள் கண்முன் நிறங்கள்தான். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துணிகளைத் தூக்கிப் பிடித்து, இதில் எது என் சுவருக்குப் பொருந்தும் என்று கேட்பார்கள். ஒன்றைச் சொன்னால் மற்றதை வாங்கிப் போவார்கள். மறுநாள் திரும்ப வந்து, நீ சொன்னதுதான் சரியில்லை என்று சண்டை பிடிப்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நானும் அதே கடைக்காக வீட்டில் விளிம்பு மடிக்கிறேன், வளையம் கோர்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும் அம்மா உட்காருவாள். சாப்பிட்ட களைப்பில் சாய்வதைச் சொல்லவில்லை. கையில் ஊசி இல்லாமல், மடியில் துணி இல்லாமல், எதிரே இருப்பதைப் பார்ப்பதற்காகவே உட்காருவது. எதிரே இருப்பது ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் தொடர். ஒரு வீடியோ கடையை மூடியபோது வாசலில் கொட்டி வைத்திருந்தவற்றிலிருந்து அம்மா அதை எடுத்துவந்தாள். அட்டைப் பெட்டி, உள்ளே எட்டு வட்டுகள்.

ஒரு விண்கலம், அதில் ஐந்தாறு பேர், கூடவே ஓர் இயந்திர மனிதன். கதைக்கு ஒரு கிரகத்தில் இறங்குவார்கள். எல்லாக் கிரகத்திலும் ஒரே பாறைதான். சில கதைகளில் இடப்பக்கம் இருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். "பாறையும் டிக்கெட் எடுத்துக்கிட்டு இவங்க கூடவே வருது" என்பாள் அம்மா. கேப்டனுக்குத் தொப்பை. முகத்தை அருகில் காட்டும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார். அவர் மூச்சை விடும்வரை அம்மாவும் விடமாட்டாள். விண்கலம் பறக்கும்போது அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் நூல் தெரியும். அம்மா அதற்காகவே காத்திருந்து, "அதோ நூலு" என்று விரலை நீட்டுவாள். "நல்ல நூலுடி. எத்தனை கிரகம் போயும் அறுந்து விழலை பாரு."

அவர்கள் பேசுவது எங்களுக்குப் பாதிதான் புரியும். மீதியை அம்மா போட்டு நிரப்புவாள்.

"தகரம் என்னம்மா சொல்லுது?" என்று கேட்பேன். தகரம் என்பது அந்த இயந்திர மனிதன்.

"மாசக்கணக்கா எனக்கு எண்ணெய் விடலையே, ஒருத்தனாவது கேட்டீங்களாடான்னு சொல்லுது."

ஒருமுறை, கேப்டனின் சட்டை என்ன நிறமாக இருக்கும் என்று கேட்டுவிட்டேன்.

"கேக்காதடி" என்றாள். "ஆறு நாளா எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. இன்னிக்கு எனக்குச் சாம்பல் போதும்."

அண்ணன் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறான். மணமகள் முகத்துப் பருவை அழிப்பதும், மழை கொட்டிய நாளில் வெயில் வரவைப்பதும் அவன் வேலை. ஒரு ஞாயிறு நாங்கள் உட்கார்ந்தபோது டிவிக்குப் பக்கத்தில் பெட்டி இல்லை. "நான்தான் எடுத்துட்டுப் போயிருக்கேன். சர்ப்ரைஸ்" என்றான். வாரக்கணக்கில் பிந்தி வந்தான், கண் சிவந்து வந்தான். பிறகு ஒருநாள் மாடியில் குடியிருக்கும் அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு பென் டிரைவை டிவியில் செருகினான்.

கேப்டனின் சட்டை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. சாலையில் பள்ளம் தோண்டும் இடத்தில் வைப்பார்களே, அந்த ஆரஞ்சு. தகரத்துக்கு நீலம் அடித்திருந்தான். வானம் ரோஜா நிறம். பாறையைக் காணோம். அது இருந்த இடத்தில் கணினி வரைந்த மலைகள், கிரகத்துக்கு ஒரு தினுசாக. ஆட்கள் பேசாமல் யோசிக்கும் இடங்களை வெட்டிவிட்டு, மிச்சத்துக்கு டமடமவென்று இசை போட்டிருந்தான். கேப்டனுக்குத் தொப்பையும் இல்லை. மூலையில் ஸ்டுடியோவின் முத்திரை, ஓர் இதயம், கடைசிவரை சுற்றிக்கொண்டே இருந்தது.

"அடேங்கப்பா, நேத்து எடுத்த மாதிரி இருக்கே" என்றாள் அத்தை.

விண்கலம் பறந்தது. அம்மாவின் விரல் மடியிலிருந்து எழும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் நின்றது.

"என்னம்மா தேடற, நூலா?" என்று சிரித்தான் அண்ணன். "ஒவ்வொரு ஃப்ரேமா உக்காந்து அழிச்சிருக்கேன். இனி ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

அம்மா விரலை மடக்கிக்கொண்டாள். "நல்லா இருக்குப்பா" என்றாள்.

எனக்கு எரிந்தது. அவன்மேல் எரிந்ததைவிட அவள்மேல் அதிகம் எரிந்தது. சமையலறைக்குள் அவள் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா பொய் சொன்ன?"

"பிள்ளை கண்ணு முழிச்சுப் பண்ணியிருக்கான்டி."

"யாரு பண்ணச் சொன்னா?"

"சொன்னாத்தான் செய்யணுமா?"

"கேட்டுட்டுச் செய்யலாமே."

அம்மா குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய தட்டைக் கழுவினாள்.

அடுத்த ஞாயிறு அவள் உட்காரவில்லை. கடைத் துணியை எடுத்துவைத்து இஸ்திரி போட்டாள். "கண்ணு வலிக்குது" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் இஸ்திரிப் பெட்டிதான். இப்படியே விட்டால் அவள் இனி ஒருபோதும் உட்காரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அன்று மாலை அண்ணனைக் கேட்டேன்.

"பழைய டிஸ்க்கெல்லாம் எங்கே?"

"ஸ்டுடியோவுல பத்திரமா இருக்கு."

"கொண்டு வா."

"எதுக்கு? கோடு கோடா, புள்ளி புள்ளியா ஓடுமே, அதைப் பார்க்கவா? அதான் புதுசாக்கிக் குடுத்துட்டேன்ல."

"அம்மாவுக்கு அதுதான் வேணும்."

"அம்மா உன்கிட்ட வந்து சொன்னாங்களா? எங்கிட்ட நல்லா இருக்குன்னாங்க. அத்தைதான் சாட்சி." என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். "ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துட்டு இப்ப வாய் முளைச்சிருக்கு உனக்கு."

அந்த வாரம் அவன் ஸ்டுடியோவின் வரவேற்பறைக்குத் திரைச்சீலை தைக்க ஆர்டர் வந்திருந்தது. கனமான துணி. தைத்து முடித்ததும் நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து எடுத்துப் போனோம். உள்ளே சோபாவில் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி, மடியில் ஆல்பங்களை விரித்து வைத்திருந்தது. எதிர்ச் சுவர் முழுக்கப் பளபளவென்று ஒரு பெரிய சூரியன். பழைய வட்டுகளை வரிசையாக ஒட்டிச் செய்தது. வாசல் வெளிச்சம் அதில் பட்டு எல்லார் முகத்திலும் வானவில் துண்டுகள் விழுந்தன.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் ஸ்டுடியோ முதலாளி. "எல்லாம் உங்க பையன் கைவேலைதான். வேண்டாத டிஸ்க்கை எல்லாம் பொறுக்கி ஒட்டிட்டான்."

அவருடைய மேசையில் எங்கள் அட்டைப் பெட்டி இருந்தது. மேலட்டையில் கேப்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே விசிட்டிங் கார்டுகள்.

அண்ணன் உள்ளறையிலிருந்து வந்தான். நான் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். "இதுல இருந்தது எங்கே?"

அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். சுவரை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அதுவே போதும்.

"எது எங்களோடது?" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான். பழைய டிஸ்க்."

"எதுன்னு கேட்டேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? பேர் இருக்கிற பக்கமெல்லாம் சுவத்துல ஒட்டியிருக்கு."

அம்மாவின் பையில் துணி அளக்கும் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. அதை எடுத்து, சூரியனின் கீழ்க்கதிரில் கடைசி வட்டுக்கு அடியில் செருகி நெம்பினேன். சுவர்ச் சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. திருப்பி, சுண்ணாம்பைத் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். யாரோ இரண்டு பேருடைய கல்யாணம். மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை நெம்பினேன். அது ஏதோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் போல, பெயரில்லாமல் ஒரு கரடி பொம்மை மட்டும் போட்டிருந்தது. அடுத்தது.

"ஏய் பாப்பா, என்ன பண்ற?" என்று எழுந்தார் முதலாளி.

அத்தனை பேர் என்னைப் பார்க்க நான் நின்றதே இல்லை.  ஆனாலும் ஸ்கேலை எடுக்காமல், "எங்க அம்மாவோட டிஸ்க்கைத் தேடறேன்" என்றேன்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். "பைத்தியமா உனக்கு? அம்மா, சொல்லும்மா இவகிட்ட. நீதானே நல்லா இருக்குன்ன? அத்தை முன்னாடி சொன்னியா இல்லையா?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் தோளில் திரைச்சீலைப் பொதி. அவள் இப்போதும் அதையே சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால், ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விடுவேன், இனி அவளுக்காக எதையும் கேட்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பொதியைத் தரையில் இறக்கினாள்.

"நல்லா இல்லப்பா" என்றாள்.

"என்னது?"

"நல்லா இல்ல. அன்னிக்கே நல்லா இல்ல. நீ வாங்கிவெச்ச மெஷினும் நல்லா இல்ல, என் கை போறதுக்கு முன்னாடி அது ஓடுது. பயந்து பயந்து தைக்கிறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு வார்த்தையில சொல்லியிருப்பேன். அவ கையை விடு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் பிடி தளர்ந்தது.

சோபாவிலிருந்த பெண் ஆல்பத்தை மூடினாள். "சார், எங்க கல்யாண டிஸ்க்கும் இப்படித்தான் சுவத்துக்குப் போகுமா?" என்றாள். பக்கத்திலிருந்தவன் மேசையில் நான் வைத்த கல்யாணத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, இல்லம்மா, அது ஆளுங்க வாங்காம விட்டுட்டுப் போனது" என்று குழறிய முதலாளி, அண்ணன் பக்கம் திரும்பினார். "சொந்த அம்மா பொருளையாடா எடுத்துட்டு வந்த? வேண்டாததுன்னுதானே சொன்ன? போ, போய் ஏணியைக் கொண்டுவா."

மேம்பாட்டுத் துறை ஏணி கொண்டுவந்தது.

அம்மா ஸ்கேலை வாங்கிக்கொண்டு ஏறினாள். திரைச்சீலை மாட்டி மாட்டி அவளுக்கு ஏணி பழக்கம். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து என்னிடம் நீட்டினாள். நான் திருப்பிப் பார்த்து, எங்களுடையது என்றால் மட்டும் பெட்டியில் வைத்தேன். விசிட்டிங் கார்டுகளை மேசையில் கொட்டியிருந்தேன்.

"இறங்கும்மா" என்றான் அண்ணன் தாழ்ந்த குரலில். "எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். நீதான் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவியே" என்றாள் அம்மா மேலிருந்து.

எங்கள் வட்டுகளில் இரண்டு பெயர்க்கும்போதே இரண்டாக உடைந்தன. ஒன்றுக்கு விளிம்பு போயிற்று. மற்ற ஐந்தும் பெட்டிக்கு வந்தன. சூரியன் இருந்த இடத்தில் பொக்கை பொக்கையாகச் சுவர் மட்டும் நின்றது. அம்மா இறங்கி, கையைத் தட்டிவிட்டு, திரைச்சீலையை மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். வழியில் "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்று நான் கேட்டதற்கு, "வாயை மூடிட்டு நட" என்றாள்.

அண்ணன் அதன்பின் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவனே எடுத்துக்கொண்டான், அவனே கழுவி வைத்தான். எனக்கு ஒன்றும் குறையவில்லை.

ஞாயிறு பிற்பகல் அம்மா உட்கார்ந்தாள். வட்டு சுற்றியது. சாம்பல் வானம், சாம்பல் பாறை. கேப்டன் தொப்பையோடு இறங்கி நடந்தார். "நல்லவேளை, பாறை வந்துடுச்சு" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் போனதும் படம் தடுமாறியது. தகரம் ஒரு கையைத் தூக்கியபடி, கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. பெயர்க்கும்போது ஸ்கேல் கீறிய இடம் அது. அம்மா ரிமோட்டை அழுத்திக் கொஞ்சம் தள்ளிவிட்டாள். ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி தள்ளினாள்.

அண்ணன் வாசற்படியில் வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, தெரியாது. அவன் விரல்கள் சட்டை ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தன.

"கீறல்தான்மா. பாலிஷ் போட்டா ஓடும்" என்றான். அத்தனை நாள் கழித்து அவன் பேசிய முதல் பேச்சு அது. "குடு, நாளைக்கே சரிபண்ணிக் கொண்டுவந்துடறேன்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மீதி வட்டுகள் இருந்த பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை வைக்காத" என்றாள்.

அவன் அங்கேயே நின்றான். பாயில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. நான் அந்த இடத்தில் காலை நீட்டிக்கொண்டேன்.